விஷ்ணுகிராந்தி பூத்த பாதை

கல்யாணமான இரண்டாம் வருஷம், ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணமங்கலம் பக்கத்து மலைக் கோயிலுக்கு என் கணவர் என்னை பைக்கில் அழைத்துப்போனார். அவருக்குச் செய்யார் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. நாங்கள் சேர்ந்து வெளியே போவதே அபூர்வம்.

பாதி மலையில், பாறை இடுக்கெல்லாம் விஷ்ணுகிராந்தி பூத்திருந்தது, நகத்தளவு நீலமாக. சற்றுத் தள்ளி, முள்புதரைப் பற்றி ஏறிய கொடியில் செங்காந்தள் என்கிற கார்த்திகைப் பூக்கள். ஆரணியில் பட்டுக்கு ஏற்றும் சாயம் எத்தனையோ பார்த்தவள் நான். ஆனாலும் ஒரே இதழில் மஞ்சள் சிவப்பாக மாறும் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இன்னா பேஜாரு இது? ஜல்தி வா" என்றார்.

"ரெண்டு நிமிஷங்க. நீங்களும் வந்து பாருங்களேன்."

அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. முன்னால் போயிருப்பார் என்று நினைத்து, ஆசை தீரப் பார்த்துவிட்டு ஏறினேன். கோயிலில் அவர் இல்லை. இறங்கி வந்தால் அடிவாரத்தில் பைக்கும் இல்லை. போன் செய்தேன்.

"நீதான் பூ பாத்துகினு இருந்தியே. நான் கிளம்பிட்டேன். பஸ்ல வந்துடு."

பணம் வைத்திருந்த என் பை பைக்கிலேயே போய்விட்டது. பெண்களிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்காத டவுன் பஸ்ஸுக்காக, அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பூ பறிச்சாந்தியாமா?" என்று மாமியார் கேட்டதும் இருவரும் சிரித்தார்கள். நான் அவர் தட்டில் ரசம் ஊற்றினேன். ஊற்றிய கையை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.