அண்ணன் வந்து இறங்கிய விமானம்

எங்கள் ஊரில் விமானத்தை விட்டு இறங்குகிற யாரும் இப்பீலியின் கையைப் பிடிக்காமல் தரையைத் தொட்டதில்லை. வடதுருவத்துப் பனிக்கடலில் கிடக்கிற எங்கள் பஃபின் தீவில் ஊருக்கு ஊர் சாலை ஏது? பல் பிடுங்கப் போனவனும் படிக்கப் போனவளும் பிள்ளை பெறப் போனவளும் விமானத்தின் அந்த ஐந்து படி வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். இருபத்தாறு வருஷமாகப் படியடியில் நிற்கிறான் இப்பீலி. மூட்டை இறக்குவதுதான் சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை. கை கொடுப்பது அவனாக எடுத்துக்கொண்டது.

கை மட்டும் என்றால் பரவாயில்லை, வாயும் கூடவே வரும். "என்னடி, தெற்கே போயி பீட்சாவாத் தின்னியா? படி முனகுது பாரு!" என்பான். "டாக்டர் பல்லைப் புடுங்கினாரா, வாயையே தைச்சுட்டாரா? இவ்ளோ அமைதியா வர்றே!" என்பான். நான் மீகா, கவுண்டரில் டிக்கெட் பார்க்கிறவள். இந்தக் கூத்தைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆனால் அவன் லீவு போட்ட நாளில் விமானம் வந்தால் எல்லாம் சப்பென்று இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வாய்தான் அவனுக்கு வினையாயிற்று. அவன் அண்ணன் மோசசி பேர்போன வேட்டைக்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் இருவரும் படகில் போனபோது பத்தடி தூரத்தில் ஒரு வெள்ளைத் திமிங்கிலம் எழும்பியது. மோசசி சுட்டார், குறி தப்பிவிட்டது. அன்று சாயங்காலமே இப்பீலி ஊர் ரேடியோவில் உட்கார்ந்து, "எங்கண்ணனுக்கு யாராச்சும் மூக்குக்கண்ணாடி குடுங்கப்பா, வீடு மாதிரி நின்ன திமிங்கிலம் கண்ணுக்குத் தெரியலையாம்!" என்றான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. நானும்தான்.

எங்கள் ஆட்கள் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். மோசசி இரண்டு வருஷம் தம்பியோடு பேசவில்லை. பேசாமலே தெற்கே ஆஸ்பத்திரியில் செத்தும் போனார். பெட்டியை விமானத்திலிருந்து இறக்கியவன் இப்பீலிதான்.

போன மாதம் மோசசியின் மகள் ஊலூட்டி பிரசவத்துக்குத் தெற்கே போனாள். பெண் பிறந்தது. மோசசி என்றே பெயர் வைத்தாள். பெயரில் ஆண் பெண் பேதமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. செத்தவர் பெயரைக் குழந்தைக்கு வைத்தால் அந்த ஆளே திரும்பி வந்தாயிற்று. ஆக, அந்தக் குழந்தை ஊலூட்டிக்கு அப்பா, அவள் அம்மாவுக்கு வீட்டுக்காரர், இப்பீலிக்கு அண்ணன்.

சேதி வந்த நாளிலிருந்து இப்பீலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "மீகா, அண்ணன் என் மூஞ்சியப் பாப்பாரா?" என்று கவுண்டருக்கு வந்து நிற்பான்.

"பொறந்து பத்து நாளுகூட ஆகலய்யா. எதிர்ச் சுவரே தெரியாது."

"அவருக்குத் தெரியும். என்னைப் பாத்ததும் வீல்னு கத்துனாருன்னா, ஊரு முன்னாடி நான் எங்க போயி நிப்பேன்? அண்ணன் மன்னிக்கலன்னுதானே அர்த்தம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விமானம் வந்த மத்தியானம் பாதி ஊர் படிக்குப் பக்கத்து வேலியோரம் நின்றது. புதுக் குழந்தை இறங்கினால் ஆளாளுக்கு அதன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும், அது முறை. நானும் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு படியருகே போய்விட்டேன். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இப்பீலி கை கொடுத்தான், வாயைத் திறக்கவில்லை. "நாக்கை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று கடைக்கார டவ்கி கேட்டதற்கும் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளுக்குக் கையை நீட்டினான்.

கடைசியில் ஊலூட்டி வந்தாள். மார்போடு அணைத்த போர்வைக்குள் ஒரு ரோஸ் தொப்பி. இப்பீலி இரண்டு படி ஏறிக் கையை நீட்டினான். அவள் மேல்படியிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள். எங்கள் ஊரில் மூக்கைச் சுருக்கினால் மாட்டேன், புருவத்தைத் தூக்கினால் சரி.

"அப்பாவுக்கு உங்க மேல கோவம் தீரல சித்தப்பா. மொதல்ல அவர்கிட்டப் பேசுங்க, அப்புறம் எறங்குறோம்."

"அம்மா, நான் அடுத்த ஊருக்குப் போகணும்மா," என்றார் பின்னாலிருந்து விமானி.

"சும்மா இருய்யா, இது குடும்ப விவகாரம்!" என்று நான் ஒரு அதட்டல் போட்டேன்.

இப்பீலி கையுறையைக் கழற்றினான். தொப்பியையும் கழற்றினான். அந்தக் காற்றில் காது இரண்டும் சிவந்துபோயின.

"அண்ணே... உங்க குறி தப்பலண்ணே. நீங்க சுடுறப்ப நான் ரொட்டி எடுக்க எந்திரிச்சேன். படகு ஆடிருச்சு. எங்கே எல்லாரும் என் மேல பழி சொல்லிருவாங்களோன்னு நான் முந்திக்கிட்டு ரேடியோல உளறிட்டேன். தப்பு என்னோடதுண்ணே. மன்னிச்சிருங்க."

அந்த நல்ல மனுஷரைப் பார்த்துச் சிரித்தோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ரொட்டிக்காகவா?" என்றாள் ஊலூட்டி. "படகு ஆடுனது அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எங்ககிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல. கடைசி வரைக்கும் உங்களக் காட்டிக்குடுக்கவே இல்ல சித்தப்பா."

சொல்லிவிட்டு, போர்வையோடு குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

குளிர்காற்று பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்தது. மூக்குச் சுருங்கியது. இப்பீலி அப்படியே உறைந்துபோனான். வாய் மெல்லத் திறந்தது. போச்சு, கத்தப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால், மோசசி ஒரு பெரிய கொட்டாவி விட்டு முடித்து, தம்பியை நேராகப் பார்த்து, இரண்டு புருவத்தையும் தொப்பி விளிம்பு வரைக்கும் தூக்கினார்.

"சரின்னுட்டாரு! சரின்னுட்டாரு!" என்று வேலியோரம் ஒரே கூச்சல். இப்பீலிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. பாதிப் படியில் நின்றபடி, "அண்ணே, அண்ணே" என்று அந்தப் பத்து நாள் பெண்ணிடம் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான்.