எண்பதைத் தாண்டக் கூடாது

பேட்டரி நாற்பதுக்குக் கீழே இறங்கக் கூடாது, எண்பதைத் தாண்டக் கூடாது. ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தேன். அன்றிலிருந்து லேப்டாப் பேட்டரிக்கு நான்தான் குடும்ப வைத்தியர். ஒரகடத்தில் நாங்கள் இருவர் தங்கியிருந்த மாடி அறையில், பிளக் பாயின்டுக்கு மேலே ‘40 – 80’ என்று சிவப்பு மார்க்கரில் எழுதி ஒட்டினேன். ஃபேக்டரியில் மெஷின்களுக்கு அப்படி ஒட்டுவதுதான் என் வேலை. மெயின்டனன்ஸ் டிரெய்னி, சேர்ந்து ஒரு வருஷம்.

கூட இருந்த அண்ணன் பக்கத்துக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தார். என் பேட்டரிப் பாடங்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டிக்கப் போறவ குடுத்து வச்சவ தம்பி" என்பார்.

அப்போதுதான் நான் ஏங்கிக்கொண்டிருந்த டிசைன் வேலைக்கு ஆன்லைன் இன்டர்வியூ வந்தது. லேப்டாப்பில் டிராயிங்கைத் திறந்து காட்ட வேண்டும். அதே நாளில் எங்கள் பகுதியில் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்தடை. சட்டத்தை நானே மீறி, நூறு வரை ஏறட்டும் என்று சார்ஜில் போட்டுவிட்டு முடி வெட்டப் போனேன். சலூனில் கூட்டம். திரும்பியபோது கரண்ட் போயிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த அண்ணன் பாயில் படுத்து என் லேப்டாப்பில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறத் தாண்டிட்ச்சு தம்பி. நல்லவேள நான் வந்தேன். கழட்டிட்டு, படத்தப் போட்டு எறக்கிகினு கீறேன். நாப்பதுக்குக் கீழ வுட மாட்டேன், பயப்படாத."

நாற்பத்தாறில் இருந்தது. என் ஒரே சீடரை எப்படித் திட்டுவது?

இன்டர்வியூ தொடங்கியது. டிராயிங்கைத் திறந்ததும் பேட்டரி மளமளவென்று இறங்கியது. என் கண் திரையின் மூலையை விட்டு அகலவில்லை. எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டார்கள். "பதினொன்று" என்றேன்.

அவர்களில் ஒருவர், "உங்க வயசு இருபத்து மூணுன்னு போட்டிருக்கே?" என்றார்.

ஒரு வருஷம்தான், வாய் தவறிவிட்டது என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் பேட்டரி சதவீதத்தைப் படித்துவிட்டதை விளக்கி, அது ஏன் குறைந்தது என்பதை விளக்கி, அப்படியே லித்தியத்துக்குள் இறங்கிவிட்டேன். எண்பதில் நிறுத்தினால் பேட்டரிக்கு ஆயுள் கூடும் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது திரை அணைந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து பிறகு எந்தத் தகவலும் இல்லை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் சார்ஜில் போட்டேன். அண்ணன் அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டார்: "எம்பதாவறதுக்குள்ள பஸ் வந்துடும். நீ பாத்துக்குவியா?"