வாழைக்கு நடுவே ஒரு நெல் வயல்

பிச்சைக்கண்ணுவுக்கு வாய் கொஞ்சம் நீளம். களக்காட்டுக்குக் கிழக்கே ஒரு குளத்துப் பாசன ஊரில் பிறந்தவர். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பொன்செல்வியைக் கட்டி, மாமனார் விட்டுப்போன வயலைப் பார்க்க இங்கேயே தங்கிவிட்டார். ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் சுடலைமணியிடம் ஆற்றுப் பாசனத்தின் பெருமையை அளக்காமல் திரும்பமாட்டார். "ஒங்களுக்குக் குளம் பெருகுனாத்தான் பிசானம். எங்களுக்குக் காரு, பிசானம்னு வருசத்துக்கு ரெண்டு போகம்." அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்பார்.

அண்ணன் ஊரில் கிணறு உள்ளவர்கள் வாழை போடுவார்கள். குளத்துக்குக் கீழே இருப்பவர்கள் மடை திறந்ததும் ஒன்றாக நெல் விதைத்து ஒன்றாக அறுப்பார்கள். வயல்களுக்கு நடுவே பாதை கிடையாது. அறுப்பு மிஷின் ஒரு வயலை அறுத்து, அந்தத் தாள்மேலேயே ஏறி அடுத்த வயலுக்குப் போகும். யாருக்கு எப்போது என்று முறை உண்டு. இங்கே அப்படியில்லை. கொஞ்ச காலம் வாழை, மண் சலித்ததும் நெல் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஆனால் அக்கம்பக்கம் பேசிக்கொண்டுதான் செய்வார்கள்.

போன பிசானத்துக்குச் சுற்றியிருந்த எல்லாரும் வாழைக்கு மாறினார்கள். பக்கத்து வயல்காரர் இஸ்ரவேல் முன்கூட்டியே சொன்னார். "ஒத்தையா நெல்லு போடாதயும் வே. அறுக்க மிஷினு எங்கன வழியா வரும்?"

பிச்சைக்கண்ணு கேட்டால்தானே! நெல் வயலில் தண்ணீர் நின்றால் அது கசிந்து இறங்கிப் பக்கத்து வாழை கெடும். இஸ்ரவேல் தன் வாழைக்காகத்தான் பேசுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். அறுப்பு வந்தால் வழி தானாகக் கிடைக்கும் என்ற நினைப்பு வேறு. பிறந்த ஊரில் அதற்கு ஒருநாளும் குறை இருந்ததில்லையே. பொன்செல்வியும் அதையே சொன்னாள்; அதுவும் காதில் ஏறவில்லை.

நெல் நன்றாகவே விளைந்தது. அதுதான் கொடுமை. மாசியில் கதிர் தலைசாய்ந்து நிற்கிறது, நாலு பக்கமும் வாழை குலை தள்ளி நிற்கிறது. மிஷின் ரோட்டோரம்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. வானமும் மூடிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும். மனுஷன் மிஷினுக்கு வழி கேட்டு இஸ்ரவேல் முன்னால் போய் நின்றார்.

"குலை தள்ளுன வாழையில மிஷின ஏத்தச் சொல்லுதீரே, ஒமக்கே நல்லாருக்கா வே?"

ஆனாலும் இஸ்ரவேல் விரட்டிவிடவில்லை. கையால் அறுத்தால், நெற்கட்டுகளைச் சுமந்து போக வரப்போரத்து இலைகளைக் கழித்துத் தருகிறேன் என்றார். அறுக்க ஆள் எங்கே? இங்கே பெண்கள் அரிவாள் எடுத்துப் பல வருஷம் ஆகிறது.

பொன்செல்விதான் போனை நீட்டினாள். "ஒங்க அண்ணனுக்குப் போடுங்க."

அத்தனை பெருமை அடித்த வாயால் அண்ணனைக் கூப்பிடுவது அவருக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. சுடலைமணி ஒன்றும் குத்திக் காட்டவில்லை. "வாரேம்லே. அரிவாளும் கொண்டாரேன்" என்றார்.

மறுநாள் காலையிலேயே வேன் வந்தது. அண்ணன், மதினி சந்தனமாரி, கூடவே உறவுக்காரர்கள். இறங்கியதும் வயலில் குனிந்தவர்கள் பொழுது சாயும்வரை நிமிரவில்லை. கட்டுகளை வாழைக்குள் ஒற்றையடியாகச் சுமந்து, ரோட்டோரக் களத்தில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிய பிறகுதான் தூறல் விழுந்தது. பிச்சைக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாரும் டீ குடிக்கும்போது சந்தனமாரி புருஷனிடம் மெல்லக் கேட்டாள். "அங்கனயும் மழை பெய்யுமோ? நம்ம முறை இன்னைக்குத்தான. மிஷினு அடுத்த ஊருக்குப் போயிருக்குமே."

"சும்மா இரிட்டி" என்றார் சுடலைமணி.

பிச்சைக்கண்ணு டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒன் வயலு இன்னும் அறுக்கலையா?"

"அது கெடக்குலே. நீ போய் ஒன் நெல்லப் பாரு."

பிச்சைக்கண்ணு எழுந்து அரிவாளை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். பொன்செல்வி அவருக்கு முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, நீங்க எதுக்கு?"

"எங்க நெல்லு கரையேறிட்டு. ஒன் நெல்லு இன்னும் வயல்லலா நிக்கி. வண்டிய எடுக்கச் சொல்லு."