மாலை போட்ட போட்டோ

செலியமேட்டில் என் நாத்தனார் வீட்டுக் கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, அவருடைய போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. கறுப்புச் சட்டம். கண்ணாடியின் மேல், நெற்றி வரும் இடத்தில் குங்குமப் பொட்டு. சட்டத்தைச் சுற்றிச் சந்தனச் சீவல் மாலை. கீழே சிவப்பாக ஒரு சின்ன பல்பு. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். “எப்ப தவறினாங்க?” என்று மெதுவாகக் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து காப்பி டம்ளரோடு என் நாத்தனார் வருவார். “போன பொங்கலுக்குத்தான்” என்பார். வந்தவர் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒரு தடவை இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர் டம்ளரைக்கூட வாங்காமல் வாசலுக்குப் போய்விட்டார். பாலிசி எடுக்காமல் தப்பித்தோம் என்று நாங்கள் அன்று பொழுதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் போட்டோ ஒரு சினிமாவுக்காக எடுத்தது. கதாநாயகனின் செத்துப்போன அம்மா அவர். கதை நெடுகச் சுவரில் தொங்கினார், அவ்வளவுதான் வேஷம். கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்ததும் செட்டைப் பிரித்தவர்கள் அதைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு தூக்கிப் போட்டிருக்கிறார்கள். “ஏம் மூஞ்சிய குப்பையில போடுவீங்களா?” என்று சண்டை பிடித்து மாலையோடு வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துப் பாவப்பட்டு யாரோ எழுந்து சீட்டுக் கொடுத்தார்களாம். சென்னையிலிருந்து, இறங்க வேண்டிய கிருமாம்பாக்கம் வரை உட்கார்ந்தே வந்தார். மடியில் இருந்த முகமும் மேலே இருந்த முகமும் ஒன்றுதான் என்று பஸ்ஸில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. அதில்தான் அவருக்கு வருத்தம். “நடிகைன்னு ஒருத்தனாவது கண்டுபுடிச்சானாடி?” என்பார்.

நான் கண்டுபிடித்திருப்பேன். கிருமாம்பாக்கம்தான் நான் பிறந்த ஊர். எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்த் திருவிழா நாடகத்துக்கு அவர் வந்தார். எங்கள் பக்கத்தில் ஊர்ப் பையன்கள் சேர்ந்து நாடகம் போடுவார்கள். கதாநாயகன், வில்லன், போலீஸ் எல்லாம் உள்ளூர். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து நடிகையை அழைப்பார்கள். அவர் அன்று மத்தியானம்தான் வந்து இறங்குவார். நான்கு மாதம் ஒத்திகை பார்த்தவர்களோடு, நான்கு மணி நேரம் வசனம் பார்த்துவிட்டு மேடையேற வேண்டும். கரும்பு லோடு ஒன்று நடுரோட்டில் நின்றுவிட்டதால் அன்று பஸ் தாமதம். பள்ளிக்கூட வராந்தாவில் பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். வெயிலில் தகரப் பெட்டியோடு நடந்து வந்தவர் முகம்கூடக் கழுவாமல் வசனக் கொப்பி நோட்டை வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்று புரட்டினார். பிறகு மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒத்திகையில் வசனத்தை மறந்தது கதாநாயகன்தான். அவருடைய வரியையும் இவரே எடுத்துக் கொடுத்தார். நான் தண்ணீர்ச் செம்போடு வாயைப் பிளந்து நின்றேன். வாய்ப்பாட்டுக்கே அடி வாங்கிய எனக்கு அது மந்திரமாக இருந்தது.

அந்த மந்திரம் எங்கிருந்து வந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்துப் பெண். நாடகத்துக்கும் அந்த வீட்டுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. உள்ளூரிலேயே அவர் கட்டிக்கொண்ட கணவர் மைக் செட் வைத்திருந்தார். பாகூர், கரையாம்புத்தூர் என்று எந்த ஊரில் நாடகம் நடந்தாலும் புனல் ரேடியோ என்கிற ஒலிபெருக்கியைக் கட்டுவது அவர்தான். புது மனைவியை வீட்டில் விட மனமில்லாமல் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போவார். ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்தே அண்ணிக்கு அத்தனை நாடகமும் மனப்பாடம். ஓர் ஊரில் நடிகை வந்து சேரவில்லை. நோட்டீஸ் அடித்தாயிற்று, சனம் பாய் விரித்து உட்கார்ந்தாயிற்று. மைக் செட்டு அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “தெரியுந்தான, போய் சொல்லிட்டு வா” என்றாராம். கடைக்குப் போய்விட்டு வா என்பது போல. அண்ணி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு பதின்மூன்று வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

சினிமாவும் அப்படித்தான் வந்தது. பாண்டிச்சேரியில் படப்பிடிப்புக்கு வந்தவர்களுக்கு ஓர் அழுகிற அம்மா தேவைப்பட்டார். அண்ணி அழுதார். கிளிசரின் வேண்டாம் என்றாராம். அதிலிருந்து யார் வீட்டில் சாவு என்றாலும், சினிமாவில்தான் சொல்கிறேன், இவரைக் கூப்பிட்டார்கள். அப்புறம் டிவித் தொடர். அதில் விதவை வேஷம். சாயங்காலமானால் பாழ் நெற்றியோடு எல்லார் வீட்டிலும் வந்து நின்றார். தொடரின் முடிவில் அந்தப் பாத்திரம் செத்தும் போனது. கட்டிலில் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டிக் காட்டினார்கள். ஆனால் அந்த ஷாட் அதோடு முடிவதில்லை. பிணமாக நடித்தவர் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். கேமரா ஓடும். அதற்குப் பிறகுதான் பஞ்சை எடுப்பார்கள், சூடம் சுற்றுவார்கள். நடித்தவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சினிமாக்காரர்கள் வைத்திருக்கிற வழக்கம் அது. அண்ணி பொய்க்குச் சிரிக்க மாட்டார். லைட் பிடிக்கிறவர்களுக்கும் தொற்றிக்கொள்கிற மாதிரி வயிறு குலுங்கச் சிரிப்பாராம்.

அந்தச் சிரிப்பை டிவியில் போடுவார்களா? வெட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் பார்த்தது பஞ்சு வைத்த மூக்கை மட்டும்தான். புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது பொட்டழித்தாள், தாலியைக் கழற்றினாள், இப்போது பாடையும் பார்த்துவிட்டாள் என்று பேச்சு வந்தது. தாலியை அவர் கழற்றவே இல்லை. ஜாக்கெட்டுக்குள் ஊக்குப் போட்டு வைத்திருந்தார். யாரிடம் போய்க் காட்டுவது? வளைகாப்பில் குங்குமத் தட்டு அவர் பக்கம் வரும்போது சட்டென்று உயரும், அவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகும். அண்ணி சும்மா இருக்க மாட்டார். எட்டித் தட்டைப் பிடித்து இழுத்து, தானே எடுத்து வைத்துக்கொள்வார். “டிவியில அழிச்சது அந்த கேரக்டரோட பொட்டு. இது எம்பொட்டு” என்பார். தட்டை உயர்த்திய பெண்மணிகள் அவர் நடித்த தொடரை ஒரு நாள்கூட விடாமல் பார்த்து மூக்கைச் சிந்தியவர்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த நிலைமையில்தான் அவர் தம்பிக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். பெண் பார்க்க வந்த கூட்டத்தில் அவர் இல்லை. மாப்பிள்ளைக்கு ஓர் அக்கா உண்டு, “வெளியூர்ல வேலை” என்று இழுத்தார்கள். என் அம்மாவுக்கு விஷயம் தெரியும். வராததே நல்லது என்று அவருக்கு நிம்மதி. எங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட, மற்ற இரண்டு முடிச்சையும் போடுவது மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள். நாத்தனார் முடிச்சு என்றே அதற்குப் பெயர். அதற்குக் கணவரின் பெரியப்பா மகளை ஏற்பாடு செய்துவிட்டார்கள். தொடரில் பிணம் காட்டி இருபது நாள்கூட ஆகவில்லை, அந்தக் கை பட வேண்டாம் என்பது இரண்டு வீட்டுப் பெரியவர்களின் தீர்மானம். முகூர்த்தத்தன்று காலையில்தான் எனக்கு இது தெரிய வந்தது. “அவங்க எங்க?” என்று கேட்டேன். “பந்தியப் பாத்துக்கறாங்க, நீ தலைய குனிஞ்சிகினு உக்காரு” என்றார் அம்மா. சொந்தத் தம்பி கல்யாணத்தில், சாம்பார் வாளிகளுக்கு நடுவில் அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. கழுத்தில் மஞ்சள் கயிறு விழுந்தது, என் கணவர் முதல் முடிச்சைப் போட்டார். பின்னாலிருந்து வேறு விரல்கள் வந்தன. நான் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கயிற்றின் இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததாகச் சொன்னால் பொய். வராந்தாவில் கொப்பியை மூடிக் கொடுத்த அந்த முகம் மட்டும் கண்ணில் நின்றது. “அண்ணி வந்து போடட்டும்” என்றேன். மேளத்தில் பக்கத்தில் இருந்தவர்களைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினார். கணவரின் பெரியப்பா, “இன்னாம்மா இது, நேரம் போவுது, கைய எடு” என்று அதட்டினார். எடுக்கவில்லை. கணவர் என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து மண்டப மூலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அங்கே மைக் செட்டோடு அண்ணியின் கணவர் உட்கார்ந்திருந்தார். சொந்த மச்சான் கல்யாணத்துக்கு மைக் கட்டிவிட்டு, மனைவியை மேடையில் ஏற்றாததற்கு ஒரு வார்த்தை பேசாமல் இருந்த மனிதர். மேளத்தையும் தாண்டி ஸ்பீக்கர் கரகரத்தது. நாடக மேடைக்கு அறிவிப்பாரே, அதே குரல். “மாப்பிள்ளையின் அக்கா எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். மணமகள் காத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அக்கா உடனடியாக மேடைக்கு வரவும்.”

மேளம் தானாக நின்றது. பந்திக்கூடத்திலிருந்து அண்ணி வந்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் பின்னால் மண்டியிட்டு இரண்டு முடிச்சையும் போட்டார். இறுக்கத்தில் கழுத்து வலித்தது. பிறகு எழுந்து நின்று, வீடியோக்காரரின் கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதற்கு அந்தச் சிரிப்பு என்று அன்று எனக்குப் புரியவில்லை. டிவிக்காரர்கள் வெட்டியதை நாங்கள் வெட்டவில்லை. எங்கள் கல்யாண கேசட்டில் அது முழுதாக இருக்கிறது.

இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கணவரும் நானும் எல்லாத் தம்பதிகளையும் போலச் சண்டை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம். மைக் செட்டு அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன் சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார். “அன்னிக்கே சொன்னமே” என்று துக்கம் கேட்க வந்த வாயே சொன்னது. கால் நூற்றாண்டுக்கு முன் டிவியில் வந்த பாழ் நெற்றிதான் காரணமாம். வந்தவரை நான் வாசலோடு அனுப்பினேன். ஆனால் யாரும் எதிர்பாராத விதமாக அண்ணி அடங்கிப்போனார். பொட்டை எடுக்க அவரே நெற்றியைக் காட்டினார். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் போல வேறு யார்மேலும் வந்ததில்லை.

போன தையில் என் மகளுக்குக் கல்யாணம். நலங்கில் முதல் மஞ்சள் அத்தை கையால் பூச வேண்டும். கூப்பிடப் போனேன். “அப்ப வேஷம்டி, சண்ட போட்டேன். இப்ப நெசம். புள்ள நல்லா இருக்கணும், வேற யாரையாவது வுட்டு பூசு” என்றார். எத்தனையோ தட்டுகளை எட்டி இழுத்த கை மடியில் கிடந்தது. “வேஷத்துக்கு ஒரு நியாயம், நெசத்துக்கு ஒரு நியாயமா அண்ணி?” என்று கேட்டேன். நேராக அவர் வீட்டுப் பரணில் ஏறினேன். மைக் செட் இருந்தது. தூசி தட்டி, பந்தலுக்குக் கொண்டுபோய் வயரைச் செருகினேன். பலகையில் மகள் உட்கார்ந்திருந்தாள், மஞ்சள் கிண்ணம் தயாராக இருந்தது, சொந்தக்காரப் பெண்கள் சுற்றி நின்றார்கள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. “மணமகளின் அத்தை எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும். வராத வரைக்கும் மணமகள் எழுந்திருக்க மாட்டார்.” செலியமேடு முழுக்கக் கேட்டிருக்கும். கூட்டத்தில் முணுமுணுத்தவர்களைப் பார்த்து, “பூச இஷ்டமில்லாதவங்க சாப்ட்டு போலாம், பந்தி ரெடி” என்று மைக்கிலேயே சொன்னேன். இரண்டு மூன்று பேர் சாப்பிடாமலே போனார்கள். போகட்டும்.

மூன்று தடவை அறிவித்த பிறகு அண்ணி வந்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே. துடைக்க அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. “மானத்த வாங்கறியேடி” என்று என்னைத் திட்டிவிட்டு மகளின் இரண்டு கன்னத்திலும் மஞ்சள் பூசினார். அப்போது என் மகள் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து அத்தையின் நெற்றியில் வைத்தாள். அவர் அழிக்கவில்லை. இன்றுவரை அழிக்கவில்லை.

இப்போது அவர் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே இரண்டு போட்டோக்கள். சந்தன மாலையோடு அவருடையது, பக்கத்தில் அதே மாதிரி மாலையோடு மைக் செட்டு அண்ணனுடையது. பல்பு ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று நடுவில் மாட்டியிருக்கிறார். போன வாரம் கணக்கெடுப்புக்கு வந்த புது டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு பேருமேவா? எப்போ?” என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அது என் வசனம் அல்ல.

அடுக்களையிலிருந்து அண்ணி டம்ளரோடு வந்தார், நெற்றியில் பொட்டோடு.

“அவரு நெசமா போனாரு. நா ஷூட்டிங்ல போனேன்” என்றார். “காப்பி ஆறுது, குடி.”