ஏழாவது மாடியில் பஞ்சு

ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் முதலில் உள்ளே போவது என் கால்தான். அது இடுக்கை அடைத்துக்கொண்ட பிறகே நானும் காய்கறிப் பையும் ஒருக்களித்து நுழைவோம். இல்லாவிட்டால் எங்கள் பூனை பஞ்சு வெளியே பாய்ந்துவிடும். சொந்த வீட்டுக்குள் திருடியைப் போல நுழைகிறேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். திருத்துறைப்பூண்டியில் நாங்கள் வளர்த்த பூனையை யார் அடைத்து வைத்தார்கள்? விடிந்தால் ஓட்டின் மேல், பொழுது சாய்ந்தால் வரப்பில். ஒருமுறை வயலில் எலிக்கு வைத்த மூங்கில் கிட்டியில் காலைக் கொடுத்துவிட்டு நொண்டியபடி வந்தது. வாப்பா மஞ்சள் பற்றுப் போட்டார். பற்று காய்வதற்குள் மறுபடி வயலுக்குப் போய்விட்டது. போகாதே என்று தடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் பஞ்சுவையும் பால்கனியில் விட்டிருந்தேன். புத்தியுள்ள பிராணி, விழாது என்ற நம்பிக்கை. சென்ற மாதம் ஒரு காலை துணி உலர்த்தப் போனால், கம்பிக்கு வெளியே, ஏசி பெட்டியின் மேல், ஒரு புறாவை நோக்கிப் பம்மிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டவில்லை. கீழே ஏழு மாடி. பக்கத்துப் பால்கனியிலிருந்த எகிப்துக்காரப் பெண் உம் ஹசன் வாயில் கை வைத்து, "ஹராம், ஹராம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மார்க்கம் விலக்கியதைத்தானே நாங்கள் ஹராம் என்போம்? பூனை வளர்ப்பதே குற்றம் என்கிறாளா? சண்டை போட நேரமில்லை. உள்ளே ஓடி மீன் டப்பாவைத் திறந்து கம்பியில் தட்டினேன். பஞ்சுவின் காது திரும்பியது. புறா பறந்தது. பஞ்சு மனமில்லாமல் என் பக்கம் ஓரடி வைத்தது. பிடரியைப் பற்றி உள்ளே இழுத்துப்போட்டேன். அதன் நெஞ்சும் என் நெஞ்சும் ஒன்றாய் அடித்துக்கொண்டன.

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. உம் ஹசன். கையில் சுருட்டிய பச்சை வலை. "பூனை ஹராமா?" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் கேட்டேன். திகைத்துப் போனவள் பஞ்சுவைக் காட்டி, "மிஸ்கீன், மிஸ்கீன்" என்றாள். அந்தச் சொல் எங்கள் ஊரிலும் உண்டு. நாதியற்ற எளியவர் என்று பொருள். அப்போதுதான் விளங்கியது. அவர்கள் ஊரில் ஹராம் என்றால் 'ஐயோ பாவம்' என்றும் அர்த்தமாம். இருவரும் சிரித்த சிரிப்பில் பஞ்சு கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தது. நாற்காலியில் மாறி மாறி ஏறி நின்று வலையை இழுத்துக் கட்டினோம். பந்தல் போடுகிற வீடு போல ஒரே அமர்க்களம்.

அக்காவை லாத்தா என்போம். பால்கனியில் உட்கார்ந்து அவளை வீடியோ காலில் பிடித்து மூச்சுவிடாமல் கதையைச் சொன்னேன்.

"பூனைய ஜெயில்ல போட்டுட்டியாடி? இங்க அனுப்பிடு, வயலெல்லாம் எலியாக் கெடக்கு."

"அது இங்கயே பொறந்தது லாத்தா. அதுக்கு வயல்னா என்னன்னே தெரியாது."

"தெரியாட்டி என்ன, காட்டுறேன் இரு" என்று போனைத் திருப்பினாள். புதிதாய் நட்ட வயல், அதில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு. பஞ்சு மடியில் தாவி ஏறித் திரையில் கை வைத்தது. கொக்கு எழும்பித் திரையைத் தாண்டிப் பறந்ததும், போனுக்குப் பின்னால் போய்த் தேடியது. அங்கே வலையும், அதற்கப்பால் ஷார்ஜாவின் வெளுத்த வானமும்தான். லாத்தா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கொக்கு போன திசையிலேயே பஞ்சுவோடு நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.