இருபதாவது வளைவுக்கு ஒரு டிக்கெட்

என் வீட்டு வாசலுக்கு ரோஜா மாலை வந்த அன்று நான் உயிரோடுதான் இருந்தேன். ஒண்டிக்கடை பஜாரில் என் கடைக்குள்ளேயே, மூன்று காபிக்கொட்டை மூட்டைகளுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயது நாற்பத்தேழு, எடை எண்பத்திரண்டு கிலோ. இந்த உடம்பை மூன்று மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைக்க முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

மாலை வந்த கதைக்கு முன்னால் ஒரு பஸ் கதை இருக்கிறது.

மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் பலகாரம் கட்டிக்கொண்டு அவளைப் பார்க்கக் கிளம்பினேன். எங்கள் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. கீழேயிருந்து எண் போட்டிருப்பதால், இறங்குகிறவனுக்கு இருபதுதான் முதலில் வரும். பிறந்ததிலிருந்து போய் வருகிற பாதை. அன்றைக்குப் பதின்மூன்றாவது வளைவில் பஸ் திரும்பியபோது என் நெஞ்சு மட்டும் திரும்பவில்லை. மூச்சு அடைத்தது, விரல் மரத்தது, சட்டை நனைந்தது. செத்தேன் என்று முடிவே கட்டிவிட்டேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, பக்கச் சுவரில் உட்கார்ந்து, கலிமா சொல்லிக்கொண்டே சாவுக்காகக் காத்திருந்தேன். சாவு வரவில்லை. ஒரு குரங்கு வந்தது. மகளுக்குக் கொண்டுபோன பலகாரத்தை அவிழ்த்துத் தின்றது. சாகப்போகிறவனிடம் கொஞ்சம்கூட மரியாதை இல்லை.

மேலே வந்த ஜீப் ஒன்றில் ஏறித் திரும்பி வந்தேன். வீட்டில், பஸ் பிரேக்டவுன் என்று சொன்னேன்.

மறுநாள் மலைமேலேயே டவுனில் டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஹார்ட்டுல ஒண்ணுமில்லீங்க பாய். இது பயம். புதன்கிழமை புதன்கிழமை சேலத்துல இருந்து மனநல ஆலோசகர் ஒருத்தங்க இங்க ஆஸ்பத்திரிக்கு வராங்க. போயிப் பாருங்க."

நோய் இல்லை என்று சொன்ன டாக்டர் மேல் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை. பயமா? எனக்கா? ஒண்டிக்கடையில் எவன் முகம் வாடியிருந்தாலும் என் கடை வாசலுக்கு வந்தால் சிரிக்காமல் போனதில்லை. நான் அந்த அறைக்குள் நுழைந்தால், வெளியே வருவதற்குள் செய்தி கொட்டச்சேடு கிராமத்தையே தாண்டியிருக்கும். போகவில்லை. சேலத்துக்கும் போகவில்லை. சீசன், சரக்கு, முழங்கால் வலி என்று மாதம் ஒரு சாக்கு. என் மனைவிதான் தனியாகப் போய்ப் போய் வந்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்களில் குழந்தை பிறந்தவுடன் வலது காதில் பாங்கும் இடது காதில் இகாமத்தும் சொல்வார்கள். உலகத்தில் அது கேட்கும் முதல் குரல் தொழுகை அழைப்பாக இருக்க வேண்டும். மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "அத்தா, யாரையும் சொல்ல விடமாட்டேன். உங்க குரல்தான் முதல்ல விழணும்." சின்ன வயதில் அவளைச் சிரிக்க வைத்தே சோறு ஊட்டியவன் நான். அந்தக் குரல் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. குரலுக்குச் சொந்தக்காரனால் இப்போது இருபதாவது வளைவைக்கூடத் தாண்ட முடியாது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

எட்டாம் மாதம் முடிகிற சமயம், ஒரு காலையில் மகள் போன் செய்தாள். நாள் முந்தினாலும் முந்தும் என்று டாக்டர் சொல்கிறார், இந்த வாரமே வந்து இருங்கள் என்றாள். வருகிறேன் கண்ணு என்று வைத்தேன். வைத்ததும் பதின்மூன்றாவது வளைவு கடைக்குள்ளேயே வந்துவிட்டது. போனை அணைத்தேன். யாரும் பார்க்கக்கூடாதென்று ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

ஒண்டிக்கடையில் ஷட்டர் முழுசாக இறங்கியிருந்தால் கடைக்காரன் வெளியூர் போயிருக்கிறான். பாதி இறங்கியிருந்தால் அவன் வீட்டில் சாவு. இருபது வருஷமாக அடுத்தவன் கடையில் அதைப் பார்த்துத் துக்கம் கேட்கப் போனவன் நான். அந்த நிமிஷத்தில் மறந்துபோனேன்.

எதிரே டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். போன் போட்டால் அணைந்திருக்கிறது. மனிதர் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, பூக்கடையில் மாலை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கே போய்விட்டார். எங்களில் மையத்துக்கு, அதாவது இறந்தவர் உடலுக்கு, மாலை போடும் வழக்கமில்லை என்பது பாவம் அவருக்குத் தெரியாது. கதவைத் திறந்த என் மனைவி மாலையைப் பார்த்தாள்.

"யாருங்கண்ணா?" என்று கேட்டிருக்கிறாள்.

"அதைத்தானுங்க அக்கா நானும் கேக்கலாம்னு வந்தேன்."

அவளுக்கு முதலில் மகள் ஞாபகம்தான் வந்திருக்கிறது. கடைக்கு ஓடி வந்தாள். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. ஷட்டரைத் தூக்கிய சத்தத்தில் நான் மூட்டைக்கு மேலே தலையை நீட்டினேன். என் மனைவி, அவள் பின்னால் மாலையோடு டீக்கடைக்காரர். நானும் அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றோம். மூன்று பேரில் யார் அதிகம் பயந்தோம் என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

"பாய், இருக்கீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இருக்கேனுங்க. மன்னிச்சுக்கோங்க."

அவர் மாலையைப் பார்த்தார். "கட்டுன மாலைய அவன் திருப்பி வாங்கமாட்டானே" என்று முனகிக்கொண்டே போனார். மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பின் முன்னால் அன்று முழுக்க அந்த மாலை ஆடிக்கொண்டிருந்தது. எதற்காகக் கட்டியது என்று அந்த டிரைவருக்கு இன்னமும் தெரியாது.

என் மனைவி கடைக்குள் வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

"ஏனுங்க, பஸ் பிரேக்டவுன் ஆகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களை மேல கூட்டியாந்த ஜீப்காரர் சம்சாரம் மறுநாளே வந்து சொல்லிப்போட்டாங்க."

"பின்னே ஏன் கேக்கல?"

"கேட்டா ஜோக் அடிப்பீங்க. நீங்க ஜோக் அடிச்சா நான் என்ன பண்றது? புதன்கிழமை தையல் கிளாசுக்குப் போறேன்னு சொன்னேனில்ல? தையலும் இல்ல, கிளாசும் இல்ல. அந்த ஆலோசகர் அம்மாகிட்டத்தான் போயிட்டிருக்கேன்."

மாதக்கணக்கில் நான் ஒளித்து வைத்த நோய்க்கு என் மனைவி போய் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்!

"உங்களைப் பத்திச் சொல்லத்தான் போனேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு, 'சரி, நீங்க எப்படி இருக்கீங்க'ன்னாங்க. அதை யாரும் என்கிட்டக் கேட்டதில்லீங்க. ஒரு மணி நேரம் அழுதேன். நீங்க பாத்ரூம்ல கொஞ்சம் நேரமானாக்கூடக் கதவுக்கு வெளியில நின்னுட்டிருப்பேன், தெரியுமா?"

தெரியாது. என் மூச்சிரைப்பை மறைக்கத் தண்ணீர் சத்தம் போதவில்லை என்று நினைத்து உள்ளே நான் பாட்டு வேறு பாடிக்கொண்டிருப்பேன். என் பயம் என்னோடு மட்டும்தான் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன். அது வீட்டில் தனியாக ஒரு தட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம், பஜார் முழுக்கப் பார்க்கவே.

ஆலோசகர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். உள்ளே நுழைந்ததும் நல்ல ஜோக்காக மூன்று எடுத்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்குங்க. இப்ப நெஞ்சு எப்படி அடிக்குது?" என்றார். குதித்துக்கொண்டிருந்தது. அப்புறம் விளக்கினார். ஆபத்து இல்லாத இடத்தில் உடம்பு ஆபத்து மணி அடிக்கிறதாம். மணி அடிக்கும்போதெல்லாம் நான் ஓடுவதால், அடித்தது சரிதான் என்று அது நம்பிக்கொள்கிறதாம்.

"இருபதாவது வளைவு வரைக்கும் போங்க. பயம் வரும். வரட்டும். அது தானா இறங்கற வரைக்கும் அங்கயே நில்லுங்க. அப்புறம் திரும்பி வாங்க. அடுத்த தடவை பத்தொன்பது."

"ஓடாம நிக்கணுமா?" எனக்கு நிஜமாகவே அதிர்ச்சி. மாத்திரை கொடுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

பஸ்ஸில் ஏறி இருபதாவது வளைவுக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.

"அங்க யாருங்க பாய் இருக்காங்க?" என்றார் கண்டக்டர்.

"யாரும் இல்லீங்க."

"பின்ன எதுக்குங்க?"

"நிக்கறதுக்குங்க."

கொஞ்ச நாளிலேயே ஒண்டிக்கடையில் இரண்டு கட்சி உருவானது. பாய் ரோட்டோரமாக இடம் பார்க்கிறார் என்றது ஒன்று. சின்ன வீடு வைத்திருக்கிறார், அதுவும் தடவைக்கு ஒரு வளைவு கீழே இறங்குகிறது என்றது இன்னொன்று. என் மனைவியிடமே வந்து கேட்டார்கள். "பதினேழுல இருக்கறவ கொஞ்சம் அழகு" என்று அவள் சொல்லி அனுப்பினாள். வீட்டில் ஜோக் அடிக்க இன்னொரு ஆள் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

வளைவுக்கு வளைவு நின்றேன், நடுங்கினேன், எண்ணி எண்ணி மூச்சு விட்டேன். ஒரு கட்டத்தில் வாரத்துக்கு மூன்று வளைவு கூட இறங்கினேன். பதினொன்று வரை வந்திருந்தபோது, சேலத்தில் மகளோடு இருந்த மனைவியிடமிருந்து காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"வலி எடுத்துருச்சுங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம். வந்துருங்க."

டீக்கடைக்காரர் கேள்வி எதுவும் கேட்காமல் தன் வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். பதினொன்று தாண்டியது, பத்து தாண்டியது. ஏழாவது வளைவில் அவர் தோளைப் பிடித்து நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன். கால் நிற்கவில்லை, மூச்சு கிடைக்கவில்லை. அந்நேரம் மேலே போகிற பஸ் ஒன்று எதிரே வந்து, திருப்பத்தில் எங்களுக்காக வேகம் குறைத்தது. கை காட்டினால் போதும், அரை மணியில் கடையில் இருப்பேன். கை பாதி எழுந்தே விட்டது.

"ஏறிக்கறீங்களா பாய்?" என்றார் டீக்கடைக்காரர். கிண்டல் இல்லை. நிஜமாகக் கேட்டார்.

"இல்லீங்க. நிக்கறேன்."

"சரிங்க. நானும் நிக்கறேன். பால் திரிஞ்சா திரியுது."

முக்கால் மணி நேரம் நின்றோம். பயம் உச்சிக்கு ஏறியது, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தது. நான் ஓடாததைப் பார்த்து அலுத்துப்போனதோ என்னவோ, மெல்ல இறங்கியது. மிச்சமிருந்த ஆறு வளைவையும் கண்ணைத் திறந்தபடியே கடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேத்தி பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாசலிலேயே சம்பந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க பாய். நேரமாயிட்டே போச்சு, பெரியவங்க வற்புறுத்துனாங்க. வலது காதுல பாங்கு நான் சொல்லிட்டேன்." உள்ளே கை காட்டினார். "உங்க பொண்ணு அதுக்கு மேல விடலைங்க. இடது காதைக் கையால மூடிக்கிட்டா. எங்க அத்தா கிளம்பிட்டாரு, ஏழாவது வளைவுல நிக்கறாரு, வருவாருன்னு அடம்."

ஏழாவது வளைவு என்று அவளுக்கு யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன். டீக்கடைக்காரர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

உள்ளே மகள் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். எட்டு மாதம் வராததற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "எனக்கு எல்லாம் தெரியும் அத்தா, அம்மா சொல்லிட்டாங்க. முதல்ல இதை வாங்குங்க" என்று துணியில் சுற்றிய குழந்தையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மனைவி அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். இடது காது கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்குமோ என்னவோ, அவ்வளவுதான். குனிந்து, மூச்சை இழுத்து, இகாமத்தை ஆரம்பித்தேன்.

"அத்தா, மெதுவா" என்றாள் மகள். "அது காது. பள்ளிவாசல் மைக் இல்ல."