கடைசி வரிசைக் குரல்

பக்கத்துத் தேவாலயத்தில் ஆர்கன் ஒலித்தால் எனக்குப் பதினொரு வயதாகிவிடும்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி நாங்கள் பினாங்குக்கு வந்த புதிது. ஆங்கிலப் பாடற்குழுவில் சேர ஆசைப்பட்டுப் பாடிக் காட்டினேன். குழுவை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானி பாதியிலேயே ஆர்கன் வாசிப்பை நிறுத்தினாள்.

"உங்கள் ஆட்களுக்குத் தமிழ் ஆராதனை இருக்கிறதே. அங்கே போய்க் கத்து."

அம்மா என் கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று அதே ஆங்கில ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். குழு பாடத் தொடங்கியதும் அம்மா என்னை இடித்தாள்.

"நீயும் பாடுடீ. கூரை பிச்சுக்கிட்டுப் போகட்டும்."

பாடினேன். என் குரலில் குழுவினர் தடுமாறி, ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். சபையே திரும்பிப் பார்த்தது. துரைசானியின் முகம் ரத்தமாகச் சிவந்தது. அவளைப் பார்த்தபடியே கடைசி அடிவரை பாடி முடித்தேன்.

அவளை நான் மன்னிக்கவில்லை. அந்த முகத்தை நினைத்தால் இன்றும் இனிக்கிறது.